புறவாசலில் நின்ற பட்டாளத்துச் செடி

கவரைப் பிரித்து உதறியதும் ஒரு காகிதப் பொட்டலம் விழுந்தது. உள்ளே பத்துப் பதினைந்து விதை. வெள்ளரி விதையை யாரோ காலால் மிதித்துத் தட்டையாக்கி, ஓரத்தில் கொஞ்சம் சருகையும் ஒட்டிவிட்டதுபோல இருந்தது.

உலகச் சண்டை நடந்த காலம், கார்த்திகை மாசம். தென்காசியில் விடாத மழை. தபால்கார அண்ணாச்சி குடையை மடக்காமலே எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். பட்டாளத்துக் கடிதம் என்றால் படித்து முடிக்கிறவரை மனுஷர் நகர மாட்டார். தெருவில் நாலு வீட்டுக்குச் செய்தி சொல்கிற பொறுப்பு அவருக்குத்தானே!

என் மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

'நலம். நலமறிய ஆவல். இங்கே அசாம் பக்கம் மலையை வெட்டி ரோடு போடுகிறார்கள். நான் கல் லாரி ஓட்டுகிறேன். என்னோடு ஓர் அமெரிக்கக்காரனும் ஓட்டுகிறான். அவனும் நம்மைப் போல ஏர் பிடிக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளைதான். அவன் ஊரிலும் சோளம்தான் வெள்ளாமையாம். அவன் அம்மா வீட்டுக் கிணற்றடியில் நிற்கிற செடியின் விதையைப் புகையிலை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான். எனக்கும் பாதி கொடுத்தான். ஆள் உயரத்துக்கு மேலே போகுமாம். மஞ்சள் பூவாம். இலை மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அதனால் கோப்பைச் செடி என்று பேராம். கோமதியிடம் கொடுத்து நடச் சொல்லவும். முதல் வருஷம் பூக்காதாம். பூக்கிறதுக்குள் நான் வந்துவிடுவேன் என்று சொல்லவும். அவள் ஏதாவது சொன்னாளா?'

அந்தக் கடைசி வரி எல்லாக் கடிதத்திலும் இருக்கும். மாமா ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பார்.

"என்னம்மா, ஏதும் எழுதணுமா?"

"ஒண்ணுமில்ல மாமா."

சண்டைக்குப் போன ஆம்பிளை, கட்டின பெண்டாட்டிக்கு அனுப்பியிருக்கிற சாமானைப் பாருங்கள்! பொட்டலத்தை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனேன். துவைகல்லுக்குப் பின்னால், சோப்புத் தண்ணீர் ஓடித் தேங்குகிற ஈரத்தில், அப்படியே விசிறி எறிந்தேன். நட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காளை வாங்கப் போன கதை

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் வாசுதேவநல்லூர்க்காரி. எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு வாய் நீளம் என்று தென்காசியில் சொல்வார்கள். பொய் என்று நான் சொல்லமாட்டேன். கல்யாணமாகி ஏழாவது மாசம், சுரண்டைச் சந்தையில் ஒரு காளை பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவர் காலையில் புறப்பட்டார். இடதுபக்கத்துக் காளை கிழடாகிவிட்டது, உழவுக்கு ஒன்று வேண்டும் என்று நான்தான் நச்சரித்திருந்தேன்.

அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் வந்தார். காளையைக் காணோம். தலையிலிருந்த குடுமியையும் காணோம்!

"எங்க மாடு?"

"மாடு அமையல. நான் பட்டாளத்துல சேந்துட்டேன்."

சுரண்டைக்குப் போனவர் அங்கிருந்து அப்படியே திருநெல்வேலிக்கு பஸ் ஏறி, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருக்கிறார். கூடப் படித்தவன் ஒருத்தன் போனானாம், அவனைப் பார்த்து இவருக்கும் லாரி ஓட்ட ஆசை வந்துவிட்டதாம். எங்கள் வீடுகளில் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் போவது புதுசில்லை. ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? மாட்டுக்கு என்ன நிறம் வேண்டும் என்று முந்தின நாள் என்னிடம் கேட்ட மனுஷர்தானே!

பத்து நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினோராம் நாள் அவர் பெட்டியைத் தூக்கினார்.

நான் நிறுத்தாத உலக்கை

நம் பக்கத்தில் யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. தெருமுனைக் கடைக்குப் போனாலும் 'போயிட்டு வாறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கிறவர்கள் 'போயிட்டு வாங்க' என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் எழுந்து போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது துட்டி வீடு, சாவு விழுந்த வீடு.

அன்றைக்கு நான் உரலில் மாவு இடித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"கோமு, போயிட்டு வாறேன்."

நான் உலக்கையை நிறுத்தவில்லை.

"ஏட்டி, போயிட்டு வாறேன்."

இன்னும் ஓங்கி இடித்தேன். மூன்றாவது தடவையும் சொன்னார். அப்போது குரல் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஸ்டேஷனுக்கு மாமாவும் அத்தையும் போனார்கள். நான் போகவில்லை.

ரயில் ஊதின சத்தம் கேட்டதும்தான் எனக்குச் சுருக்கென்றது. துட்டி வீட்டிலிருந்து போகிற மாதிரி அல்லவா அந்த மனுஷனை அனுப்பிவிட்டேன்! உலக்கையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். தெருவில் ஒரு ஆடுதான் நின்றது. அதனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அதற்கப்புறம் கடிதத்தில் எழுதியிருக்கலாமே என்பீர்கள். எழுதியிருக்கலாம். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படித்தவள்தான். ஆனால் மாமாவிடம் சொல்லி எழுதுகிற வார்த்தையா அது? அப்புறம், என் வீம்பும் ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டிருந்தது. வரட்டும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வந்தால்தானே சொல்ல முடியும் என்பது அந்த வயசில் எனக்கு உறைக்கவில்லை.

முறம் முறமாய் இலை

தை கடைசியில் துவைகல்லுக்குப் பின்னால் ஐந்தாறு முளை தெரிந்தது. களை என்று பிடுங்கப் போனேன். இலை சொரசொரவென்று இருந்தது, நம் ஊர்ப் பூண்டு எதிலும் அந்தச் சொரசொரப்பு கிடையாது. பிடுங்கப் போன கையை எடுத்துவிட்டேன்.

அதில் இரண்டு செத்தது, நாலு பிழைத்தது. நாலில் ஒன்றைக் கோழி கிளறியது. ஒன்றை அத்தை மிதித்தாள். மிச்சம் இரண்டும் அடுத்தடுத்து நின்று ஒரே புதராகிவிட்டன. அந்த வருஷம் முழுக்க வெறும் இலைதான். முறம் முறமாகத் தரையோடு கிடந்தது. குற்றாலத்துச் சாரல் எங்கள் புறவாசல் வரைக்கும் அடிக்கும். அந்தச் சாரலில் தளதளவென்று இருந்ததே தவிர ஒரு பூ கிடையாது.

தெருவில் அதற்குப் 'பட்டாளத்துச் செடி' என்று பேர் வைத்துவிட்டார்கள். எல்லாம் தபால்கார அண்ணாச்சி வேலை.

என் அத்தைக்கு அதைக் கண்டாலே ஆகாது. "கறிக்கும் ஆகாது, பூசைக்கும் ஆகாது. இதுக்கு நீ குடம் குடமாத் தண்ணி ஊத்துதே" என்பாள். நான் தண்ணீர் ஊற்றுவது எனக்கே தெரியாமல் பழக்கமாகிவிட்டிருந்தது. யாரும் பார்க்காதபோது அதனிடம் பேசவும் ஆரம்பித்திருந்தேன். என்ன பேசினேன் என்பதெல்லாம் பத்திரிகையில் எழுதுகிற விஷயமில்லை.

பஞ்சாரத்துக்குள் என்ன?

மார்கழியில் செடி கருக ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்ற ஊற்றக் கருகியது. பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது வெறும் சருகுதான் நின்றது.

அதே மாசத்தில் கடிதமும் நின்றுபோயிற்று.

பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்து, காய்ந்தது கழிந்ததையெல்லாம் அப்புறப்படுத்துவது வழக்கம். அத்தை மண்வெட்டியோடு புறவாசலுக்கு வந்தாள்.

"தள்ளிக்கோட்டி. பட்டுப்போனதை நல்ல நாளும் அதுவுமா வீட்டுல வைக்கக் கூடாது. இது கருகின நாள்லருந்து பிள்ளைகிட்டயிருந்து காயிதம் இல்ல, பாத்தியா?"

அவள் வாயால் அதைக் கேட்டதும் செடிக்கும் அவளுக்கும் நடுவே போய் நின்றேன். ஏனென்றால் அதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வெட்டாதீங்க அத்தை, நான் பாத்துக்கிடுதேன்" என்று மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் உள்ளே போனதும் உட்கார்ந்து விரலால் மண்ணைத் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் வேர் கெட்டியாக, வெள்ளையாக இருந்தது. நகத்தால் கீறினேன். ஈரம்! சேனைக்கிழங்கும் இப்படித்தானே? மேலே தண்டு மடிந்து போகும், அடியில் கிழங்கு தூங்கும். இதுவும் தூங்குகிறது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் அத்தை கேட்பாளா? கேட்கமாட்டாள்.

சருகை ஒடித்துப் போட்டுவிட்டு, கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தை அதன்மேல் கவிழ்த்தேன். மேலே ஒரு கல்லையும் தூக்கி வைத்தேன்.

"என்னட்டி அது?"

"அடைக்கோழி வச்சிருக்கேன் அத்தை. தெறக்காதீங்க."

வாயில் வந்த பொய்தான். ஆனால் அத்தை முகம் மலர்ந்துவிட்டது. மருமகள் ஒரு வழியாகக் குடும்பத்துக்கு ஆகிற சோலி பார்க்கிறாள் என்று நினைத்தாள். அடை வைத்த கூட்டை ஆளாளுக்குத் திறந்து பார்த்தால் முட்டை கூமுட்டையாகும் என்பது அவள் சாஸ்திரம். அதனால் பக்கத்திலேயே போகவில்லை. தினமும் ஒரு கை நொய்யும் ஒரு சிரட்டைத் தண்ணீரும் என்னிடம் கொடுப்பாள், கோழிக்கு வைக்கச் சொல்லி. நொய்யைக் குருவிக்குப் போட்டுவிட்டுத் தண்ணீரை வேரில் ஊற்றினேன். எத்தனை பாவமோ!

இருபத்திரண்டாம் நாள் நான் ஆற்றிலிருந்து வருகிறேன், அத்தை பஞ்சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாள் கணக்கு வைத்திருந்திருக்கிறாள். குஞ்சு பார்க்கிற ஆசை.

"கோழியும் இல்ல, குஞ்சும் இல்ல. என்ன கோமு இது?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். மண்ணைப் பிளந்துகொண்டு ஒன்பது முளை. விரல் நுனி மாதிரிச் சிவப்பும் பச்சையுமாக எட்டிப் பார்த்தது. வேரையும் கிழங்கையும் பற்றி என்னென்னமோ சொல்ல நினைத்தேன். அழுகைதான் வந்தது.

அத்தை பஞ்சாரத்தை ஓரமாக வைத்தாள். பைய உட்கார்ந்து ஒரு முளையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது சாகலயா?"

"இல்ல அத்தை."

"அப்போ அவனும்..." என்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அன்றையிலிருந்து அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற எனக்கும் அவளுக்கும் போட்டி.

திரும்பி வந்த கவர்

அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன். அவருக்கு நான் எழுதின முதல் கடிதம்.

'செடி முளைச்சிருக்கு. இந்த வருஷம் பூக்கும். நீங்க புறப்படும்போது நான் சொல்லாத வார்த்தை ஒன்று என்கிட்ட இருக்கு. அதை எழுத முடியாது. நேர்லதான் சொல்லணும். வாங்க.'

சித்திரையில் கவர் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் இங்கிலீஷில் என்னமோ கிறுக்கியிருந்தது. தபால்கார அண்ணாச்சி அதை வாசலில் வைத்துப் படிக்கவில்லை. என்னைப் புறவாசலுக்கு வரச் சொல்லி, மெதுவாகச் சொன்னார்.

"தாயி, ஆள் அங்கன இல்லைன்னு போட்டிருக்கான். வேற ஒண்ணும் போடல. நீயா எதையும் நினைச்சுக்கிடாதே."

அந்தத் தடவை அவர் தெருவில் ஒரு வீட்டுக்கும் சொல்லவில்லை. அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு. கவரை நானும் யாரிடமும் காட்டவில்லை. அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

செடிக்கு இது ஒன்றும் தெரியாது. அதுபாட்டுக்கு வளர்ந்தது. பிரண்டை மாதிரி நாலு மூலைத் தண்டு. எதிரெதிராக இரண்டு இலை வந்து தண்டைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும், நடுவில் குழிவு. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் ஒவ்வொரு குழிவிலும் தண்ணீர் நின்றது. தவிட்டுக்குருவி கூட்டமாக வந்து தண்டில் உட்கார்ந்து குடிக்கும்.

கொசு ஒழிக்கிற உத்தியோகஸ்தர் ஒருத்தர் வந்து, தண்ணீர் தேங்குகிறது, வெட்டிப்போடுங்கள் என்றார். என் அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாளே, அதைப் பார்க்கவேண்டும்! "என் பிள்ளை அனுப்பின செடி. தேங்குத தண்ணியை மத்தியானத்துக்குள்ள குருவி குடிச்சிரும். வேணும்னா உக்காந்து பாத்துட்டுப் போங்க." அவர் உட்காரவில்லை, போய்விட்டார். அந்த மண்வெட்டி அத்தையா இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு.

அருவியில் சொன்னது

ஆனிக் கடைசியில் என்னை அத்தை குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மகனுக்காக அருவியில் குளித்துக் கோயிலில் விளக்குப் போடுவதாக வேண்டியிருந்தாள். சீசன் கூட்டம். எண்ணெய் வழிய வழிய ஜனம் மொய்த்தது. பெண்கள் பக்கத்தில் ஒரு இடம் பிடித்து மெயினருவிக்கு அடியில் தலையைக் கொடுத்தேன்.

அங்கே யார் என்ன பேசினாலும் கேட்காது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அது வசதியாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து சத்தமாகவே சொன்னேன்.

"போயிட்டு வாங்க."

என் காதுக்கே கேட்கவில்லை. தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. அப்புறம் அழுதேன். அருவியில் அழுதால் யாருக்கும் தெரியாது.

ஆடிச் சாரல்

ஆடியில் ஒருநாள் காலை. பொசுபொசுவென்று தூறிக்கொண்டிருந்தது. நான் துவைகல்லில் குனிந்து போர்வை கசக்கிக்கொண்டிருந்தேன். செடி என் தலைக்கு மேல் ஒரு முழம் போயிருந்தது. முந்தின நாள் வரைக்கும் மொட்டாக இருந்தது, அன்றைக்கு உச்சியில் ஒரு பூ மலர்ந்திருந்தது. சின்னச் சூரியகாந்தி மாதிரி, நல்ல மஞ்சள். அத்தையைக் கூப்பிடலாம் என்று நிமிர்ந்தேன்.

இலைகளுக்கு அடியில் இரண்டு பூட்ஸ் கால் தெரிந்தது.

முடுக்குச் சந்து வழியாகப் புறவாசல் கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கிறார். கறுத்து, மெலிந்து, கன்னம் ஒட்டி. என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். தாடையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு 'வாங்க' என்று சொல்லத் தோன்றவில்லை, பாருங்கள்! அத்தனை நாளும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டிருந்தது எதுவோ, அதுதான் முட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"போயிட்டு வாங்க!"

அவர் திரும்பவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்தேன். நியாயம்தானே? நான் உலக்கையை நிறுத்தினேனா?

"போயிட்டு வாங்க!" என்று உரக்கச் சொன்னேன். அசையவில்லை. மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கத்தினேன். தவிட்டுக்குருவியெல்லாம் பறந்துபோயிற்று. அத்தை அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். மகனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எய்யா! என் ராசா!" என்று அவரைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நொடி என் பக்கம் திரும்பினாள். "கோட்டி பிடிச்சுட்டா ஒனக்கு? ரெண்டு வருசம் கழிச்சு வந்து நிக்கான், போகச் சொல்லுதியே!"

அவர் எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காதைத் தொட்டுக் காட்டினார். அவர் பேச்சு தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது.

"கேக்காதும்மா. பாறைக்கு வெடி வச்சான், நான் பக்கத்துல லாரியில இருந்தேன். ஆறு மாசம் ஆஸ்பத்திரி. காதுக்குள்ள மெயினருவி விழுந்துக்கிட்டே கிடக்கு. முன்வாசல்ல வந்தா தெருவே பேசும், நான் முழிக்கணும். அதான் இங்கன வந்தேன்."

கடிதம் ஏன் போடவில்லை என்று அத்தை கையை ஆட்டிக் கேட்டாள். "செவிட்டு மாப்பிள்ளையை இவ ஏத்துக்கிடுவாளான்னு பயம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏட்டி கோமு, என்னமோ சொன்னியே. பையச் சொல்லு. வாயைப் பாத்தாப் புரிஞ்சுக்கிடுவேன்."

அப்போதாவது நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். மாற்ற மனசு வரவில்லை. சோப்புக் கையோடு அவர் முன்னால் போய் நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

"போயிட்டு வாங்க."

அவர் உதடும் என்கூடவே அசைந்தது. அந்த ஒட்டின கன்னத்தில் சிரிப்பு வந்தது.

"போயிட்டுத்தாண்டி வந்திருக்கேன்."